பின்னங்கால் ஊழியம்

"எப்படிம்மா பிடிச்சது?" என்று கேட்டார் எலும்பு டாக்டர்.

போன வாரம் நடந்தது இது. மூன்று மாதமாக இடுப்பு வலி. வெந்நீர் ஒத்தடம், பக்கத்து வீட்டுத் தைலம், எதிர் வீட்டு ஆலோசனை — எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் விருதுநகருக்கு பஸ் ஏறி இந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாரம் ஏதும் தூக்கினீர்களா என்றார். இல்லை. வழுக்கி விழுந்தீர்களா? இல்லை. பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து போனீர்களா? அதுவும் இல்லை.

பேசாமல், வீடு கூட்டும்போது பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அவரும் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் டாக்டரிடம் பொய் சொன்னால் மாத்திரை மாறிப் போகுமே என்று எனக்கு ஒரு பயம்.

"ஒட்டகமா இருந்தேன் டாக்டர்."

பேனாவை மேஜை மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். கூட வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

முழு ஒட்டகம் இல்லை, பின்பாதி மட்டும்தான் என்று விளக்கினேன். அது நிலைமையைச் சீராக்கியதாகத் தெரியவில்லை. அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை வரும்போது முன்பாதியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பரிசோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பின்னால் யாரும் டோக்கன் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லையே.

எங்கள் சிவகாசி சபையில் ஞாயிற்றுக்கிழமை காலை சின்னப் பிள்ளைகளுக்கு சண்டே கிளாஸ் உண்டு. பாட்டு, கதை, முடிவில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அந்த பிஸ்கட்டின் புகழ் தெருத் தெருவாகப் பரவியதில், சபைக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அப்படி வந்தவள்தான் மாரீஸ்வரி. ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா கருப்பசாமி, எம். புதுப்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். அம்மா பாண்டியம்மாவுக்கு நாரணாபுரத்தில் கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற வேலை.

சண்டே கிளாஸில் ஆக்ஷன் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் குதிப்பார்கள், சுற்றுவார்கள், கூரை அதிரும். மாரீஸ்வரி இரண்டு குதி குதிப்பாள். உடனே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதுவும் நடக்காதது மாதிரி மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இன்னும் இரண்டு குதி. மறுபடியும் குத்தவைப்பாள். உதடு மட்டும் நாவல்பழம் தின்றவள் மாதிரி இருக்கும்.

நாங்களும் நாவல்பழம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். கார்த்திகை மாதத்தில் ஏது நாவல்பழம் என்று யோசித்த ஒரே ஆள் எங்கள் பாஸ்டரம்மா. பாஸ்டரின் மனைவி. பார்க்க ஒல்லியாக, சத்தமில்லாமல் இருப்பார். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் ரோடு ரோலர் மாதிரி. பாண்டியம்மாவை ஒருநாள் வேலைக்கு லீவு போட வைத்து, பிள்ளையை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற குழாய் குறுகல் என்று சொன்னார்கள். ஆபரேஷன் செய்தால் நன்றாக ஓடியாடுவாள். தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் பாதிச் செலவைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மீதிப் பாதி இருக்கிறதே... தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடக்கிற நேரத்தில், அந்த வீட்டில் அதற்கு எங்கே போவார்கள்?

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூட்டத்தைக் கூட்டினார் பாஸ்டரம்மா. கிறிஸ்துமஸ் வருகிறது. வழக்கமாகச் சபைக்குள்ளே போடுகிற நாடகத்தை இந்த வருஷம் வெளியே ஒரு கல்யாண மகாலில் போடலாம், ஊரையே கூப்பிடலாம், காணிக்கைப் பையை ஏந்தலாம் என்றார்.

நல்ல காரியம் என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா, பிள்ளை நம்ம சபைப் பிள்ளை இல்லையே என்று இழுத்தார்.

"நம்ம சபை பிஸ்கட்டத் தின்னுருக்காள்ல, அது போதும்" என்றார் பாஸ்டரம்மா.

அப்படியே நாடகம் முடிவானது.

எங்கள் சங்க நாடகத்தில் ஆண்களுக்கு இடம் கிடையாது. ராஜாவா, மேய்ப்பனா, எல்லாம் நாங்களே. மையால் மீசை வரைந்துகொண்டால் ஆயிற்று. வேஷம் பிரிப்பதில் வருஷா வருஷம் சண்டை வரும். தேவதூதன் வேஷத்துக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். வெள்ளைப் பட்டுச் சேலை கட்டலாமே. இந்தத் தடவை சண்டையே வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போடுவோம் என்று சொன்னவர் ரஞ்சிதம் அக்கா.

வாரா வாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ரஞ்சிதம் அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: சங்கத்தின் செயலாளர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆராதனை நேரத்தில் எந்தப் பிள்ளை அசைந்தாலும் இரண்டு வரிசை தாண்டி அக்காவின் பார்வை போய் அமுக்கும். அவர் பாட்டுக்குழுவை அதட்டுவதைப் பற்றி நான் இங்கே ஒரு வாரம் எழுதப்போய், அப்போது ஒரு வருஷமாக என்னிடம் அவர் பேசாமல் இருந்தார். நேருக்கு நேர் வந்தால் எனக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பார்.

சீட்டு எடுத்தார்கள். ரஞ்சிதம் அக்கா பிரித்துப் பார்த்தார். 'ஒட்டகம் — முன்பாதி.'

குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ஞானிகள் வர வேண்டும் என்றால் ஒட்டகம் இல்லாமல் எப்படி? அக்கா முகம் சிவந்திருக்கும். ஆனால் சீட்டு என்று சொன்னதே அவர்தானே. நியாயம் தவற மாட்டார். சரி என்றுவிட்டார். பின்பாதிக்கான சீட்டு மட்டும் பெட்டியில் கிடந்தது. எடுக்க ஆள் இல்லை. ஏன் என்றால் அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் காலண்டர் சீசன். ப்ரூஃப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தேன்.

வராதவர்களுக்கு என்ன மிஞ்சும்? பின்னங்கால்தான்.

மறுநாள் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து, ஜெபம் பண்ணிவிட்டு, கர்த்தர் உன்னைக் காட்டினார் என்றார். கர்த்தர் நம்மைக் காட்டினால் சந்தோஷம்தான். எந்தப் பக்கத்தைக் காட்டினார் என்று நான் கேட்கவில்லை.

சாக்குத் துணியில் உடம்பு. அட்டைப் பெட்டிகளுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? தலை, கழுத்து, திமில் எல்லாம் அட்டை. கீழ்த்தாடைக்குக் கயிறு கட்டி, உள்ளே இருந்து இழுத்தால் வாய் திறந்து மூடுகிற மாதிரி செய்திருந்தார்கள். ஒத்திகையில் அக்கா முன்னால் நிமிர்ந்து நிற்க, நான் பின்னால் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே சாக்குக்குள். அக்கா என்னிடம் பேசாமலே என்னை நடத்தினார். எப்படி? பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டு, பின்னால் இருக்கிற காலை வலது எடுத்து வைக்கச் சொல்லுங்க என்பார். பாஸ்டரம்மா வந்து சாக்குத் துணியிடம் குனிந்து, வலது வைக்கணுமாம் என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் ஒத்திகைக்குப் பாண்டியம்மா வந்தார். வாசலிலேயே நின்றார். வாங்க, வாங்க என்று கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து பாஸ்டரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மன் கோயிலில் தான் ஒரு நேர்ச்சை வைத்திருப்பதாகவும், அதனால் இங்கே எதுவும் குற்றமாகிவிடுமா என்றும் முதலில் கேட்டார். நீங்க வேண்டிக்கிட்டது உங்க பாடு, நாங்க ஒட்டகம் கட்டுறது எங்க பாடு என்று பாஸ்டரம்மா சொன்னதில் அந்த விஷயம் முடிந்தது.

ஆனால் பாண்டியம்மா வந்தது அதற்கு இல்லை. சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நாடகத்துல சிரிப்பு வச்சுறாதீக தாயி. ஓடுனா வாங்குற மாதிரியே சிரிச்சாலும் அவளுக்கு மூச்சு வாங்குது. ஒதடெல்லாம் நீலமாப் போயிருது."

அப்படியானால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்கள். வராவிட்டால் அழுவாள், அழுதால் இதைவிட மோசம் என்றார் பாண்டியம்மா. ஒட்டகம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லையாம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்காக ஊரைக் கூட்டுகிறோம். அந்தப் பிள்ளை முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அதை அழவும் விடக் கூடாது, சிரிக்கவும் விடக் கூடாது.

பாஸ்டரம்மா நாடகத்தை எடுத்து வைத்து நறுக்கினார். சத்திரக்காரன் குறட்டை விடுகிற இடம் போயிற்று. மேய்ப்பன் ஆட்டைத் தேடுகிற இடம் போயிற்று. எல்லோரும் கம்பீரமாக, நிதானமாக, பயபக்தியோடு நடிக்க வேண்டும் என்று உத்தரவு. அதில்தான் வினையே. ஐம்பது வயதுப் பெண்கள் மை மீசையோடு பயபக்தியாக நடந்து வருவதைவிடச் சிரிப்பான காட்சி எது இருக்கிறது? சத்திரக்காரனின் குறட்டையை விட்டுவைத்திருந்தாலாவது சமாளித்திருக்கலாம்.

மகாலைக் கொடுத்தவர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. வாடகை வேண்டாம் என்றதோடு, நட்சத்திரம் தோன்றுகிற காட்சிக்குத் தன் கம்பெனியின் புது ஐட்டம் ஒன்றை மேடையிலேயே விட்டுக் காட்டுகிறேன் என்றார். புகை பிள்ளைக்கு ஆகாது என்று பாஸ்டரம்மா சொன்னதும் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெடி இல்லாம ஒரு விசேஷமா என்று போகும்போது தன் டிரைவரிடம் கேட்டுக்கொண்டே போனாராம். நட்சத்திரத்துக்குச் சீரியல் பல்பு போட்டோம்.

நோட்டீஸை இலவசமாக அடித்துக் கொடுக்க ஒரு பிரஸ் முன்வந்தது. நான்தான் ப்ரூஃப் பார்த்தேன். ஒரு புள்ளி விட்டுப்போகவில்லை. 'ஞானிகள் ஒட்டகத்துடன் பவனி வருதல்' என்ற வரியைக்கூட இரண்டு தடவை சரிபார்த்தேன். ஆனால் நான் பார்த்தது எழுத்தை மட்டும்தானே? நோட்டீஸ் வெறுமையாக இருக்கிறதே என்று, டிசைன் செய்கிறவர் பிற்பாடு ஒரு படத்தைச் சேர்த்துவிட்டார். ஏதோ காலண்டருக்காக வாங்கி வைத்திருந்த படம். பாலைவனத்தில் அசல் ஒட்டகம். மணி, குஞ்சம், ஜமக்காளம் சகிதமாக நாலு கலரில் பளபளவென்று நிற்கிறது. நோட்டீஸில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது.

அந்த நோட்டீஸ் வெம்பக்கோட்டை வரைக்கும் போனது.

நாடகத்தன்று சாயங்காலம் மகால் நிரம்பி, ஜனம் படிக்கட்டில் நின்றது. சபை ஜனம் கால்வாசிகூட இருக்காது. இடுப்பில் பிள்ளைகளோடு கம்பெனி வேலைக்காரப் பெண்கள், வேன் பிடித்து வந்த குடும்பங்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி: ஒட்டகத்தை எங்கன கட்டியிருக்கு? மேடைக்குப் பின்னால் சாக்கும் அட்டையுமாக அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

 அப்போதுதான் வாசலில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். வெம்பக்கோட்டையிலிருந்து வந்தவர், ஆடு வளர்க்கிறவர். தோளில் ஒரு கட்டு வேப்பங்குழை, பச்சைத் தழையாக. எதற்கு என்று கேட்டேன்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்குல்லா ஒட்டகம். பசிக்கும்ல" என்றார்.

அவருக்கு வழி விட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

நாடகம் ஆரம்பித்தது. ராஜா வந்தார், போனார். மேய்ப்பர்கள் பயபக்தியோடு நின்றார்கள். ஜனம் பொறுமையாகப் பார்த்தது. அவர்கள் காத்திருந்தது எதற்கு என்றுதான் எங்களுக்குத் தெரியுமே. சீரியல் பல்பு எரிந்தது. ஞானிகள் புறப்பட்டார்கள். சாக்குக்குள் நுழைந்தோம்.

உள்ளே கும்மிருட்டு. மிளகாய் மூட்டைச் சாக்கோ என்னவோ, மூக்கில் ஏறுகிறது. தும்மினால் ஒட்டகம் பின்பக்கமாகத் தும்மும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி மேடைக்கு வந்தேன்.

ஜனம் அமைதியானது. ஏமாற்றம் என்பது சத்தமில்லாமல் வருகிற விஷயம். அது எங்களுக்குச் சாக்குக்குள்ளேயே உறைத்தது. பிறகு ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "ஏலே, ஒட்டகம் சேல கட்டிருக்குலே."

சாக்குக்குக் கீழே எங்கள் சேலைக் கரை தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். மகாலின் ஒரு மூலையில் ஆரம்பித்த சிரிப்பு அடுத்த மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் அக்காவின் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். அக்கா நடையை மாற்றவில்லை. பயபக்தியோடு நடந்துகொண்டே இருந்தார்.

அதோடு போயிருந்தால் பிள்ளை தாங்கியிருப்பாள். பாண்டியம்மா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஏதோ கதை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெரியவர் எழுந்து வந்தார். சுமந்து வந்த குழையை என்ன செய்வது? அசலோ, சாக்கோ, கொண்டுவந்ததைக் கொடுக்காமல் போவது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. மேடை ஓரத்தில் நின்று, ஒட்டகத்தின் வாய்க்கு நேராகக் குழைக் கட்டை நீட்டினார். முகத்தில் கேலி துளியும் இல்லை என்று பின்னால் சொன்னார்கள்.

ரஞ்சிதம் அக்கா வாழ்க்கையில் யார் கொடுத்ததையும் மரியாதைக் குறைவாக மறுத்ததில்லை. கழுத்தைத் தாழ்த்தினார். வாயைத் திறப்பதற்குக் கயிற்றை இழுத்தார். ஒட்டகத்தின் கீழ்த்தாடை கழன்று பெரியவரின் கையில் விழுந்தது.

அப்போது எழுந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மேடைப் பலகை அதிர்ந்தது. அத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. விக்கல் மாதிரி, அறுந்து அறுந்து. முன் வரிசையிலிருந்து.

பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அதன் பின்னால் மகாலே நின்றது.

நீங்கள் மேடையில் நின்றிருந்தால் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் இருந்தாலும் பார்த்திருப்பீர்கள். நான் ஒட்டகத்தின் பின்பாதியில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும் அக்காவின் இடுப்புச் சேலையும்தான். நாற்காலி நகர்கிற சத்தம். பாண்டியம்மாவின் குரல், மெதுவாக, பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி. யாரோ காத்து வரட்டும், விலகுங்க என்கிறார்கள். பிறகு அதுவும் இல்லை.

அக்கா ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். என் கை அகப்பட்டது. பிடித்துக்கொண்டார். வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்தவர்.

நான் ஜெபம் பண்ணினேனா என்றால், பண்ணினேன் என்றுதான் நினைக்கிறேன். வார்த்தை எதுவும் வரவில்லை. நீட்டி முழக்கி ஜெபிக்கிறவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு வரி கிடைத்திருந்தால் போதும். குனிந்தபடியே நின்றேன், சாக்கு வாசனையில். என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அது கேள்வியா, ஜெபமா? எனக்கு இன்னும் தெரியாது.

பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது இதுதான். மாரீஸ்வரிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. உதடு கறுத்து, நகமெல்லாம் நீலம். நாற்காலியிலிருந்து இறங்கி, வழக்கம்போலத் தரையில் குத்தவைத்து, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டாள். பாண்டியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே எதிரில் உட்கார்ந்துவிட்டார். வெம்பக்கோட்டையிலிருந்து வந்தவர்கள், புதுப்பட்டியிலிருந்து வந்தவர்கள், முதலாளி, டிரைவர் என்று அத்தனை பேரும் ஒரு ஏழு வயதுப் பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இருட்டுக்குள் அவள் குரல் கேட்டது. இழுத்து இழுத்து, ஆனால் தெளிவாக.

"அம்மா, ஒட்டகத்துக்கும் மூச்சு வாங்குது. அதையும் குத்தவைக்கச் சொல்லு. சரியாப் போயிரும்."

வாஸ்தவம்தான். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் வாங்கிய மூச்சில் சாக்கு உப்பி உப்பி அடங்கியிருக்கிறது. அதைக் கவனித்திருக்கிறாள். தன்னுடைய வைத்தியத்தை எங்களுக்கும் சொல்லித் தருகிறாள்.

"ஏம்மா, உக்காரு" என்றார் ரஞ்சிதம் அக்கா. ஒரு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

உட்கார்ந்தோம். முட்டிவலிக்காரரான அக்கா முன்னால், நான் பின்னால். அவர் எடை முழுக்க என் மேல் சரிந்தது. என் இடுப்பில் ஏதோ ஒன்று 'மளுக்' என்றது. டாக்டரிடம் நான் சொல்ல முயன்ற இடம் இதுதான்.

ஆக, மேடையில் ஒட்டகமும், மேடைக்குக் கீழே மாரீஸ்வரியும், எதிரெதிரே குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு விட்டோம். ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. தாடை இல்லாத ஒட்டகம் சேலையோடு குத்தவைத்திருப்பதைப் பார்த்தும் ஒரு ஆள் சிரிக்கவில்லை. சிரித்தால் பிள்ளையும் சிரிப்பாளே. துண்டை வாயில் திணித்துக்கொண்டவர்கள் உண்டு. பக்கத்து ஆளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டவர்கள் உண்டு. முதலாளி எழுந்து வெளியே போய், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரித்துவிட்டு வந்தாராம். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு ஒழுக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மெல்ல மெல்ல அவள் உதட்டுக்கு நிறம் திரும்பியது. எழுந்து நாற்காலியில் ஏறிக்கொண்டாள். இனி ஒட்டகம் நடக்கலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

ஒட்டகத்தால்தான் எழுந்திருக்க முடியவில்லை. ஞானிகள் மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். ஒரு ஞானிக்குப் பாதி மீசை அழிந்தது. கடைசியில் எங்களை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் நடந்தே போனார்கள். தேவதூதன் வந்து பாடி, பாஸ்டர் ஜெபித்து, காணிக்கைப் பை சுற்றி வரும்வரை நாங்கள் மேடை நடுவில் குத்தவைத்தபடியே இருந்தோம். பை நிறைந்து, பாஸ்டரம்மாவின் சேலை முந்தியையும் ஏந்த வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குப் போதுமா, போதாதா என்ற பேச்சுக்கே அதன் பிறகு இடமில்லாமல் போயிற்று.

பொங்கலுக்கு முன்னாலேயே மதுரையில் ஆபரேஷன். நானும் ரஞ்சிதம் அக்காவும் போயிருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாண்டியம்மாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். கருப்பசாமி உட்காரவே இல்லை, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பாண்டியம்மாவின் முந்தியில் திருநீறு முடிச்சு. பாஸ்டரம்மா உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டிருந்தார். பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மலை பெயர்வதெல்லாம் பெரிய ஆட்கள் சமாசாரம். என் அனுபவத்தில் அது ஒட்டகத்தின் பின்பாதியாக இருப்பதுதான். முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. குனிந்துகொண்டு, பிடித்த பிடியை விடாமல், வலது என்றால் வலது, இடது என்றால் இடது. முன்னால் போவது ரஞ்சிதம் அக்காவாக இருந்தால் கூடுதல் விசுவாசம் தேவை, அவ்வளவுதான்.

மத்தியானம் கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். பாண்டியம்மா அழவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இனி அவ சிரிக்கலாமா?"

சிரிக்கலாம், கொஞ்ச நாளில் ஓடவும் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. கருப்பசாமி அப்போதுதான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

இதையெல்லாம் எழுத அக்கா சம்மதிப்பாரா என்று எனக்குச் சந்தேகம். போய்க் கேட்டேன். தாடை விழுந்ததைக் கட்டாயம் எழுத வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னமும் எழுதித் தொலை, என் எடையைப் பற்றி மட்டும் எழுதாதே என்றார். எழுதவில்லை பாருங்கள். என் மேல் சரிந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி சண்டே கிளாஸுக்கு வந்தாள். டாக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டாராம். கிளாஸ் முடிந்து, பிஸ்கட் வாங்கி, மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. பெரியவர்கள் ஆராதனை நடந்துகொண்டிருந்த ஆலயத்துக்குள் வந்தாள். நடுப் பாதை நீளமாக, காலியாக இருந்ததைப் பார்த்தாள்.

ஓட ஆரம்பித்தாள்.

வாசலிலிருந்து பலிபீடம் வரை. பலிபீடத்திலிருந்து வாசல் வரை. செருப்பில்லாத கால் தரையில் படபடவென்று அடிக்கிறது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். சபையில் ஒருவர் கண்கூட மூடியிருக்கவில்லை. உதட்டைத்தான் எல்லோரும் பார்த்தோம். சிவப்பாக இருந்தது.

நான் திரும்பி ரஞ்சிதம் அக்காவைப் பார்த்தேன். எந்தப் பிள்ளை அசைந்தாலும் அமுக்குகிற ஆள் இல்லையா? அக்கா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஜெப நேரத்தில் ஓடக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. நீங்களே சொல்லுங்கள் அக்கா என்றேன். நீதான் பக்குவமாக எழுதுகிற ஆள், நீயே சொல் என்றார்.

சொல்ல வேண்டியதுதான்... அவசரம் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.